மாலை போட்டதோடு முடிகிறதா எம் கடமை?

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால், மறுநாள் பிரட்டுக்கு முன்பே அந்தச் செய்தி மலை முழுவதும் பரவிவிடும். கோயிலில் அர்ச்சனை நடக்கும். பாடசாலையில் அதிபர் பொன்னாடை போர்த்துவார். எம்மைப் போன்ற சமூகப் பணியாளர்களும் போய், பிள்ளைக்கு மாலை போட்டு, தாய் தகப்பனோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வருவோம். 

சில வருடங்களுக்கு முன்னர் அப்படி ஒரு பிள்ளைக்கு நானே மாலை போட்டேன். அவளுடைய லயத்திலிருந்து உயர்தரம் சித்தியடைந்த முதல் பெண்பிள்ளை அவள். எட்டு மாதங்கள் கழித்து பண்டாரவளை நகரில் ஒரு புடவைக்கடையில் அவளைக் கண்டேன். சாமான் வாங்க வரவில்லை. கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கெம்பஸ் போகலையாம்மா?" என்று கேட்டேன்.

"பதியிற திகதி முடிஞ்சு போயிருச்சு மிஸ். பொறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு ஒரு மாதிரி, அடையாள அட்டையில ஒரு மாதிரி. அதத் திருத்தப் போய்ப் போய் வந்தோம். யாருகிட்ட கேக்குறதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றாள்.

என்மீது குற்றம் சொல்லும் தொனி அவளிடம் இருக்கவில்லை. ஆனால் எனது தொலைபேசி இலக்கத்தை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. மாலை போட்டபோது எடுத்த படம் மட்டும் எங்கள் ஆண்டறிக்கையில் பத்திரமாக இருந்தது.

பெறுபேறு வந்த நாளுக்கும் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் நாளுக்கும் இடையே நீண்ட மாதங்கள் கிடக்கின்றன. அந்த மாதங்களில் எமது பெண்பிள்ளைகளுக்குத் துணையாக நிற்பது யார்? இந்தக் கேள்விக்கான பதில் ஒன்றை நான் எதிர்பாராத இடத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அதனை வாசகியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர் இல்லாத மாதங்கள்

பேராதனையில் என்னோடு சமூகவியல் படித்த தோழி ஒருத்தி, மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குச் சென்றிருந்தாள். அவளும் தோட்டத்தில் பிறந்தவளே. 2025இல் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் வந்தவள், ஒரு வாரம் என்னோடு தங்கினாள். புடவைக்கடைப் பிள்ளையின் கதையை இரவில் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அங்கே கோடை விடுமுறையில நான் செஞ்ச வேலையே இதுதான்டி" என்றாள்.

அவள் படித்த பல்கலைக்கழகத்தின் அருகே லூத்தரன் திருச்சபையின் மாணவர் இல்லம் ஒன்று உண்டாம். ஒரு பழைய வீடு, பெரிய குசினி, ஒரு மண்டபம், சிறிய வழிபாட்டு அறை. மாணவர்களுக்காகவே நியமிக்கப்பட்ட ஒரு போதகர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அவர் ஒரு பெண். கைச்செலவுக்காக வாரத்தில் சில மணித்தியாலங்கள் எனது தோழி அங்கே வேலை செய்தாள்.

"நீ என்ன சமயம்னு கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க. முருகன் கோயில் வாசல்ல வளந்தவன்னு சொன்னேன். அப்படின்னா வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு உன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மே மாதத்தில் மூடி ஓகஸ்ட் கடைசியில் திறக்கின்றன. இடையில் வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். மாணவர் பணி செய்கிறவர்களுக்கும் அது ஓய்வுக்காலம் என்றுதான் தோழியும் நினைத்திருக்கிறாள். முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது.

திங்கட்கிழமை பெயர்ப்பட்டியல் வேலை. மாநிலத்தின் ஊர்ச்சபைகளிலிருந்து, "எங்கள் பிள்ளை இந்த வருடம் அங்கே வருகிறாள்" என்று கடிதங்கள் வந்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் கையால் ஒரு வாழ்த்து மடல் எழுத வேண்டும். அச்சடித்த கடிதத்தைப் போதகர் அனுமதிப்பதில்லை. மடலின் கீழே ஒரு தொலைபேசி இலக்கம் கட்டாயம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வீட்டு வேலை. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, கதவு பூட்டுகிறதா, குசினியில் எத்தனை தட்டுக் குறைகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் வாரத்தில் எதனையாவது மறந்துவிட்டு வருவார்கள் என்பதற்காகப் போர்வை, வாளி, மேசை விளக்கு என்று ஒரு அறையில் சேர்த்து வைப்பார்கள்.

புதன்கிழமை கணக்கு. வருடம் முழுவதும் பணி நடப்பதற்குப் பணம் வேண்டும். உதவி செய்தவர்களுக்கு நன்றிக் கடிதமும் புதியவர்களுக்கு வேண்டுகோளும் எழுதுவார்கள். வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பிரிவினரையும் உளவள ஆலோசகர்களையும் சந்திப்பார்கள். ஒரு பிள்ளை நடுநிசியில் அழைத்து அழுதால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

வெள்ளிக்கிழமை சாப்பாடு. விடுமுறைக்கு ஊர் திரும்பப் பணமில்லாத வெளிநாட்டு மாணவர்கள் எங்கும் உண்டு. எனது தோழியும் அவர்களுள் ஒருத்தி. பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஏதாவது ஒரு கிராமத்துச் சபைக்குப் போய், அங்கிருந்து வந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்வார்.

"ஓகஸ்ட்ல புள்ளைங்க வந்து எறங்கும்போது எல்லாம் தானா நடக்குற மாதிரி இருக்கும். யாருமில்லாத வாரத்துல செஞ்ச வேலைதான் அப்ப தாங்கும்" என்றாள் தோழி.

இந்தப் பணி எப்படித் தொடங்கியது?

இலங்கையில் லூத்தரன் திருச்சபை மிகச் சிறியது. ஆனால் தமிழருக்கும் அதற்குமான உறவு பழையது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்ஷோவும் லூத்தரன் போதகர்களே. ஜேர்மனியின் ஹாலே நகரில் கல்வி கற்றவர் சீகன்பால்க். அவர்கள் தொடங்கிய வேலைகளுள், 1707இல் பெண்பிள்ளைகளுக்காகத் திறந்த பாடசாலையும் ஒன்று. அச்சபையின் தோற்றமே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. 1517இல் தமது கருத்துக்களை வெளியிட்டபோது மார்ட்டின் லூத்தர் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார்.

அமெரிக்காவில் வளாகப் பணி தொடங்கிய கதை எம்மவர்களுக்கு நெருக்கமானது. அங்கே லூத்தரன் சபையினரில் பெரும் பகுதியினர் ஜேர்மனியிலிருந்தும் நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடிப் போய் விவசாயம் செய்தவர்கள். வீட்டில் தாய்மொழி பேசி, ஊர்க்கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பெரிய அரச பல்கலைக்கழகங்களுக்குப் போகத் தொடங்கியபோது, அந்தக் கூட்டத்தில் தம் பிள்ளைகள் தொலைந்துபோவார்களோ என்று பெற்றோர் பயந்தனர். அந்தப் பயத்துக்கு அவர்கள் கண்ட வழி, பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பது அல்ல. பிள்ளைக்குத் துணையாக ஒருவரை அங்கே அனுப்பி வைப்பது. 1907இல் மடிசன் நகரின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு ஹவர்ட் கோல்ட் என்னும் போதகர் முழுநேர மாணவர் பணிக்காக அனுப்பப்பட்டார். அமெரிக்க லூத்தரன் வளாகப் பணியின் தொடக்கமாக இதனைக் குறிப்பிடுவார்கள்.

பெண்கள் பெருமைப்படக்கூடிய செய்தியொன்றும் இதில் உண்டு. வட அமெரிக்க லூத்தரன் சபைகளில் போதகராக அபிஷேகம் பெற்ற முதல் பெண் எலிசபெத் பிளாட்ஸ். 1970 நவம்பர் 22ஆம் திகதி அது நடந்தது. அவர் அப்போதே மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் பணி செய்துகொண்டிருந்தார். பெரிய கோயில்களைத் தேடிப் போகாமல் 2012இல் ஓய்வு பெறும்வரை அதே வளாகத்து மாணவர்களோடுதான் இருந்தார்.

எமது நிலை என்ன?

எமது பாட்டன் பாட்டிமாரும் கடல் கடந்து பிழைக்க வந்தவர்களே. இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று உயர்தரம் படிக்கும் எமது பிள்ளைகளில் பலருக்கு, பல்கலைக்கழகம் எப்படியிருக்கும் என்று சொல்லக்கூடிய ஒருவர் வீட்டிலோ லயத்திலோ இல்லை. சமூகவியலில் இதனைக் 'கலாசார மூலதனம்' என்று படித்தோம். சாதாரண மொழியில் சொன்னால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அக்கா இல்லை.

மலையக மக்களுக்காகச் சமயத் தலைவர்கள் உழைக்காமலில்லை. கண்டியில் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் அதற்கு நல்ல உதாரணம். எனினும் லயத்திலிருந்து விரிவுரை மண்டபம்வரை ஒரு பெண்பிள்ளையோடு கூடவே நடந்து போகிற வேலை இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை.

"இந்த வாரம் நான் சும்மாதானே இருக்கேன். நாமளும் அப்படி ஒரு வாரம் செஞ்சு பாத்தா என்ன?" என்றாள் தோழி.

பூனாகலையில் ஒரு வாரம்

திங்கட்கிழமை பட்டியல் எழுதினோம். அந்த முறை மூன்று பிள்ளைகள் தெரிவானதாக நான் அறிந்திருந்தேன். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் அம்மாதான் நான்காவது பெயரைச் சொன்னார். அந்தப் பிள்ளை மேற்பிரிவில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் மாலை போட்டிருக்கவில்லை. நால்வருக்கும் கிடைத்த இடங்கள் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, பெலிஹுல்ஓயா, பேராதனை.

செவ்வாய்க்கிழமை ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்று எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். நால்வரில் இருவருக்குப் பெயரில் வித்தியாசம் இருந்தது. எமது பெயர்களைத் தெரியாதவர்கள் கேட்டபடி எழுதிவைத்ததன் விளைவு இது. திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தோம். பதிவுப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசியபோது அதனை இணைத்து அனுப்பும்படி சொன்னார்கள். அன்று அந்த வேலை முடிந்தபோது மாலை நான்கு மணி. புடவைக்கடைப் பிள்ளையின் எதிர்காலம் இந்த ஒரு நாள் வேலையில்தான் தங்கியிருந்தது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லாப் பத்திரங்களிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை மலைக்கு வெளியே ஓர் உறவினர் வீட்டில் வைக்கச் சொன்னோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இலும், பூனாகலை கபரகலையில் 2023 மார்ச்சிலும் மண் சரிந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

புதன்கிழமை கணக்குப் பார்த்தோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதனையும் மழைக்காலத்தில் வேலை குறையும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், மகளின் முதல் மாதச் செலவு தாயின் முழுச் சம்பளத்தையும் விழுங்கிவிடும். மஹாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கப்பட்டது. அதுவும் பேர்சரி உதவியும் எமது பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் முதற் கொடுப்பனவு கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். எனவே முதல் மூன்று மாதங்களுக்கு என்ன வழி என்பதை மட்டும் தனியாகக் கணக்கிட்டோம். கொழும்பில் தொழில் பார்க்கும் எமது தோட்டத்து இளைஞர்கள் சிலருடன் பேசினோம். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை தாய்மாரோடு இருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு அவர்கள் வீடு வர ஐந்து மணி தாண்டிவிட்டது. யாழ்ப்பாணம் போகவிருந்த பிள்ளையின் தாய் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார்: "படிக்க வைக்க ஆசதான் மிஸ். பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் எப்புடி அனுப்புறது? அங்க ராகிங் பண்ணுவாங்கன்னு சொல்றாங்களே. எங்க புள்ளைக்கு ஏதும் ஆனா நாங்க யாரப் போயி கேக்குறது?"

பயப்பட ஒன்றுமில்லை என்று நாங்கள் பொய் சொல்லவில்லை. பகிடிவதை இன்னும் இருக்கிறது. அதனைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது என்று சொன்னோம். யாரிடம், எப்படி முறையிடுவது என்று எழுதிக் கொடுத்தோம். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் அப்புத்தளைப் பிள்ளை ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்தோம். சட்டத்தைவிட அவளுடைய குரல்தான் அந்தத் தாயின் முகத்தை மாற்றியது.

"மொத ஆறு மாசம் கஷ்டந்தான் பெரியம்மா. நானும் அழுதேன். ஆனா தங்கச்சி வந்து எறங்குற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் நிப்பேன்."

வெள்ளிக்கிழமை ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து நான்கு பிள்ளைகளோடும் சாப்பிட்டோம். அப்போதுதான் பிள்ளைகள் மனம் திறந்து கேட்டார்கள். வங்கி அட்டையில் எப்படிப் பணம் எடுப்பது? ஆங்கிலத்தில் விரிவுரை நடந்தால் என்ன செய்வது? சிங்களத்தில் கேட்டால் விளங்குகிறது, பதில் சொல்ல வராவிட்டால் சிரிப்பார்களா? லயத்தில் இருக்கிறோம் என்று சொல்லலாமா, சொல்லக்கூடாதா? கடைசிக் கேள்விக்குத் தோழி பதில் சொன்னாள். "நான் சொன்னேன். சொன்னதுக்குப் பிறகு தூக்கம் நல்லா வந்திச்சு."

சனிக்கிழமை மனம் கனத்தது. கைக்காசுக்குக் கொழுந்து பறித்த பிள்ளை, தான் போகவில்லை என்றாள். தாய்க்கு நெடுநாள் நோய். தகப்பன் இல்லை. தம்பிமார் இருவர் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அவளுடையது. நாங்கள் கண்ட மூன்று மாத வழி அவளுக்குப் போதவில்லை. கற்பித்தலில் அவளுக்கு விருப்பம் இருந்தது. கொட்டகலையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது அறிவிப்பதாகச் சொல்லி, அவளுடைய இலக்கத்தை வாங்கிக்கொண்டோம். பட்டியலிலிருந்து அவள் பெயரை நாங்கள் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழி நால்வருக்கும் கையால் மடல் எழுதினாள். நான்காவது மடலையும் எழுதினாள். எல்லாவற்றின் கீழும் எனது தொலைபேசி இலக்கம் இருந்தது.

நீங்களும் செய்யலாம்

இந்த ஒரு வாரத்துக்கு நாங்கள் பெரிய நிதி எதனையும் செலவிடவில்லை. பஸ் கட்டணம், பிரதி எடுத்த செலவு, தொலைபேசிக் கட்டணம், ஒரு நேரச் சாப்பாடு, இவ்வளவுதான். கோயில் பரிபாலன சபையோ மாதர் சங்கமோ தேவாலயமோ பழைய மாணவர் சங்கமோ இதனைச் செய்யலாம். பெறுபேறு வந்தவுடன் தோட்டத்தின் எல்லாப் பிரிவுகளிலும் விசாரித்துப் பெயர்களைச் சேருங்கள். ஆவணங்களை உயர்தரப் பரீட்சைக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத் திகதியையும் பதிவுத் திகதியையும் அறிவித்ததும் அவற்றை வீட்டுக் கலண்டரில் சிவப்பு மையால் குறியுங்கள். முதல் மூன்று மாதச் செலவுக்குத் தனியாக வழி காணுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வளாகத்தில் படிக்கும் மூத்த பிள்ளை ஒருத்தியைக் கண்டுபிடித்து இவளுடைய கையை அவளிடம் ஒப்படையுங்கள்.

மாலையும் போடுங்கள். பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சிதான். போட்டுவிட்டு உங்கள் இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்று பிள்ளைகளும் தத்தம் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்துகொண்டார்கள். யாழ்ப்பாணம் போனவளை அப்புத்தளைப் பிள்ளை சொன்னபடியே வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

அதன்பின் ஒருநாள் பண்டாரவளைக்குப் போய் அந்தப் புடவைக்கடைப் பிள்ளையைச் சந்தித்தேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வெளிவாரியாகப் படிக்கும் வழிகள் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "என்னைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன் மிஸ். தங்கச்சி இந்த முற உயர்தரம் எழுதுறா. அவ பேர மொத எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழையும் மறுவாரமே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.